எம்விபி கணிப்பில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஏன் தோற்கிறார்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரருக்கான விருதுதான் எம்விபி. அதிகப் புள்ளி எடுத்தவரையே அதற்குப் போடுவதுதான் உங்கள் கணிப்பைக் கவிழ்க்கிறது. அணியின் வெற்றிகளை முதலில் பாருங்கள். 2023-24 என்பிஏ பருவத்தில் டல்லஸ் அணியின் டான்சிச் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி, முதலிடம். ஆனால் அவர் அணிக்கு 50 வெற்றிதான். விருது 57 வெற்றி கண்ட டென்வரின் யோகிச்சுக்குப் போனது. டான்சிச் மூன்றாவது.

பலர் கோட்டைவிடுவது 65 ஆட்ட விதியில்: குறைந்தது 65 ஆட்டம் ஆடியவருக்கே விருதுக்குத் தகுதி. நட்சத்திர வீரர் எம்பீட் அப்பருவத்தில் ஆடியது 39 ஆட்டம். எத்தனை புள்ளி குவித்தும் தகுதியே இல்லை.

கணிப்பை அனுப்புமுன் இதைச் செய்யுங்கள்:

1. ஆட்டவாரிப் பட்டியலில் 20 நிமிடமாவது ஆடியவற்றை எண்ணுங்கள். 15 முதல் 20 நிமிட ஆட்டங்களில் இரண்டு மட்டும் கணக்கில் சேரும். ஸ்கோரை மட்டும் பார்த்தால் இது தெரியாது.
2. பருவத்தின் 82 ஆட்டங்களில் 18 தவறினால் பெயரை அடித்துவிடுங்கள். பருவத்தையே முடிக்கும் காயத்துக்கு மட்டும், நிபந்தனையோடு, 62 ஆட்டம் ஆடியிருந்தாலே விலக்கு உண்டு.

வெற்றிக் கணக்கும் சில சமயம் பொய்க்கும்: 2016-17இல் வெஸ்ட்புரூக் சராசரியாகவே டிரிப்பிள்-டபுள் (புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம்) எடுத்து, அணியின் 47 வெற்றியோடு எம்விபி வென்றார்.

புதுமுக வீரர், ஆறாவது வீரர் (சிறந்த மாற்று வீரர்) விருதுகளுக்கு 65 ஆட்ட விதி கிடையாது. ஆறாவது வீரருக்கு, தொடக்க ஐவரில் இறங்கியதைவிட பெஞ்சிலிருந்து வந்த ஆட்டங்கள் அதிகமா என்று பாருங்கள்.