ஹை ரோடு பாலத்தில் கிராஷ் வழுக்குவது ஏன்?

நண்பரே, பழைய கிராஷ் பாண்டிகூட் வீடியோ கேம்களை முடிக்கலாமென்று, முதல் மூன்று ஆட்டங்களின் மறுஆக்கமான என். சேன் டிரைலஜியில் இறங்கி, முதல் ஆட்டத்தின் ஹை ரோடு கட்டத்தில் வரும் பலகைப் பாலத்திலேயே மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கை மேல் தப்பில்லை. 2017 மறுஆக்கத்தில் நாயகன் கிராஷின் மோதல் எல்லை (அவன் எதைத் தொடுகிறான் என்று ஆட்டம் கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத உருவம்) மாத்திரை வடிவம், அடிப்பக்கம் உருண்டை. அதனால் பலகை ஓரத்தில் கால் பட்டும் சறுக்கிவிடுவான். தாவியபின் கீழிறங்கும் வேகமும் 1996 மூலத்தைவிட அதிகம்.

தாவும் பொத்தானைத் தட்டிவிடாமல் அழுத்திப் பிடியுங்கள்; கிராஷைப் பார்க்காமல் அவன் நிழலைப் பார்த்து, பலகையின் நடுவில் இறக்குங்கள். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோட்' அமைப்பைப் போட்டீர்களா? போடாவிட்டால் தாவல் ஒரு கணம் பிந்தும், இங்கே அது போதும் விழுவதற்கு.

அதற்கும் மசியவில்லையென்றால் பக்கத்துக் கயிற்றின் மேல் ஏறி நடந்துவிடுங்கள். குறுக்குவழிதான், ஆனால் 1996லிருந்தே எல்லோரும் செய்வது.