புரியாமல் ஆட்டிய தலை

அன்புள்ள அக்கா,

டப்ளினில் முதுகலை படிக்க வந்து எட்டு மாதம் ஆகிறது. என்னோடு படிக்கும் ஒருத்திக்குக் காது கேட்காது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவளோடு நாலு வார்த்தை பேசலாமே என்று ஐரிஷ் சைகை மொழி மாலை வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் நன்றாகத்தான் செய்கிறேன். ஆனால் அவளும் அவள் நண்பர்களும் கூடிப் பேசும்போது ஒன்றும் பிடிபடுவதில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு அறைக்கு வந்து அழுகிறேன். பயிற்சிக்காக யூடியூபில் பிரிட்டிஷ் சைகை மொழி வீடியோக்கள் பார்த்தால் அது சுத்தமாக வேறாக இருக்கிறது. ஆங்கிலம் பேசும் இரண்டு பக்கத்து நாடுகளுக்கு எதற்கு இரண்டு மொழி? படிப்பு முடிந்து கிளம்பிவிட்டால் இது எதற்கும் உதவாது என்று வீட்டில் சொல்கிறார்கள். விட்டுவிடவா?

க.

அன்புள்ள க.,

சுலபமான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஓர் ஊரில் வாயால் பேசும் மொழியை வைத்து அங்கே உள்ள சைகை மொழியைக் கணிக்க முடியாது. யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் யாரோடு வளர்ந்தார்கள் என்பதுதான் அதற்கு வம்சாவளி. 1846இல் டப்ளினின் காப்ரா பகுதியில் காது கேளாத பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, கன்னியாஸ்திரீகள் இருவரும் காது கேளாத சிறுமிகள் இருவரும் பிரான்ஸில் உள்ள கான் நகரத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். அமெரிக்காவுக்கும் பிரான்ஸிலிருந்துதான் லோரான் க்ளேர் என்ற காது கேளாத ஆசிரியர் 1816இல் கப்பலேறினார், அடுத்த வருடம் அங்கே காது கேளாதவர்களுக்குப் பள்ளி வந்தது. ஆக ஐரிஷ் சைகை மொழிக்கு அமெரிக்கச் சைகை மொழிதான் தூரத்துப் பங்காளி, பக்கத்து வீட்டு பிரிட்டிஷ் இல்லை. ஆங்கில எழுத்துகளைக் காட்ட பிரிட்டிஷ்காரர்களுக்கு இரண்டு கை வேண்டும், உங்களுக்கு ஒரு கை போதும். அந்த வீடியோக்களை மூடிவையுங்கள்.

இதிலேயே ஒரு கிளைக்கதை உண்டு. ஆண் பிள்ளைகளுக்கான பள்ளி 1857இல் காப்ராவிலேயே தனியாக வந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்தும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கலக்கவில்லை, அதனால் சாதாரணச் சொற்களுக்குக்கூடப் பெண்களுக்கு ஒன்று ஆண்களுக்கு ஒன்று என்று கை பிரிந்துபோனது. இப்போது அது வயதானவர்களிடம்தான் மிச்சம். நான் அங்கே படித்த காலத்தில் எழுபது தாண்டிய ஒரு பாட்டியிடம் சனிக்கிழமைதோறும் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஒருநாள் ஒரு கூட்டத்தில் அவர் சொல்லித்தந்த ஒரு சொல்லைப் பெருமையாக எடுத்துவிட்டேன். எதிரே இருந்த பெரியவர் கையை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார், அப்புறம் மேசை அதிர அதிரச் சிரித்தார். ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை, தலையாட்டினேன். அவர் கேட்டது, 'நீ அந்தப் பெண்கள் பள்ளியில் படித்தவளா?' என்று. அன்று முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் என்னை அந்தப் பள்ளி மாணவி என்றே அறிமுகப்படுத்திவைத்தார்.

அதனால் அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரிந்த வியாதி. அது சைகை வகுப்பில் வந்ததில்லை. வெளிநாடு போன முதல் மாதங்களில், பேராசிரியரின் உச்சரிப்பு பாதி புரியாமல், மூன்றாவது தடவை 'என்ன?' என்று கேட்க வெட்கப்பட்டுச் சிரித்துச் சமாளித்தோமே, அங்கே ஒட்டிக்கொண்டது. வாய்ப்பேச்சில் அது ஓரளவு ஓடிவிடும். சைகையில் ஓடாது. எதிராளி உங்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார், தலை ஆடினால் சரி புரிகிறது, போகலாம் என்று இன்னும் வேகமெடுப்பார். நீங்கள் இன்னும் தொலைவீர்கள், இன்னும் ஆட்டுவீர்கள். 'மறுபடியும்' என்பதற்கான சைகையை முதல் மாதமே சொல்லிக்கொடுத்திருப்பார்களே, அதைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்?

இன்னொன்று, நீங்கள் கையைப் பார்க்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன், புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். முகத்தைப் பாருங்கள், கை கடைக்கண்ணிலேயே தெரியும். புருவம் ஏறினால் ஆமா-இல்லையா கேள்வி, சுருங்கினால் யார், எங்கே, ஏன் வகைக் கேள்வி. கையை மட்டும் பார்க்கிறவருக்குக் கேள்வி கேட்கப்பட்டதே தெரியாது. நடுவில் போனைக் குனிந்து பார்ப்பது, அவர்களைப் பொறுத்தவரை, பேசிக்கொண்டிருக்கும்போது காதைப் பொத்திக்கொள்வது மாதிரி.

அப்புறம் ஆங்கில வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கையில் வைக்காதீர்கள். உங்களிடம் தமிழ் இருக்கிறது. 'கொடு' என்பதற்கு ஐரிஷ் சைகையில் கை, தருகிறவர் பக்கமிருந்து வாங்குகிறவர் பக்கம் நகர்கிறது, யார் யாருக்கு என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பழைய தமிழ் இலக்கணம் எனக்கும் உனக்கும் என்றால் 'தா', அவனுக்கு என்றால் 'கொடு' என்று திசையை வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்ததே, கிட்டத்தட்ட அந்தப் புத்திதான். எனக்கு இது பிடிபட்ட அன்று பேருந்தில் தனியாக உட்கார்ந்து கையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

வீட்டில் சொல்வது பாதி சரி. அந்தச் சொற்கள் அயர்லாந்தை விட்டால் அதிகம் செல்லுபடியாகாது. ஆனால் நீங்கள் இதைச் செலாவணிக்காகக் கற்கவில்லையே. ஐரிஷ் சைகை மொழிக்கு 2017இல் சட்டம் வந்தது, 2020 டிசம்பரில் நடைமுறைக்கும் வந்தது. அந்தச் சட்டம் பேசுவது நீதிமன்றத்தையும் அரசு அலுவலகத்தையும் பற்றி. உங்கள் தோழிக்கு வகுப்பு நேரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வருவார். வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் நின்று அந்தப் பேராசிரியரைக் கிண்டல் செய்ய எந்த மொழிபெயர்ப்பாளரும் வரமாட்டார். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நீங்கள் அவளுக்கு வேண்டும்.

எனவே விடாதீர்கள், ஆனால் கூட்டத்தைக் கொஞ்ச நாள் விடுங்கள். ஐந்து பேர் மாறி மாறிப் பேசும்போது அடுத்து யார் கை எழும் என்று கண் தேடுவதற்குள் பாதி வாக்கியம் போய்விடும், அதற்கு எட்டு மாதம் போதாது. அவளை மட்டும் தனியே கூப்பிடுங்கள். அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிற மாதிரி உட்காராதீர்கள், வெளிச்சத்தில் முகம் இருண்டு புருவமே தெரியாது. முடித்துவிட்டு, 'மறுபடியும்' என்று எத்தனை முறை கேட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இருபதுக்குக் கீழே இருந்தால் திட்டுவேன்.