வீடியோ பார்க்காமல் வரும் மாணவர்களை வைத்துக்கொண்டு கல்லூரியில் ஃபிளிப்டு கிளாஸ்ரூம் (பாடத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்து, வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் விவாதத்துக்கும் வைத்துக்கொள்ளும் முறை) நடத்த முடியுமா?

முடியும். ஆனால் பார்க்காமல் வந்தவர்களுக்காக அதே பாடத்தை வகுப்பில் மறுபடி நடத்தவே கூடாது. ஒரு தடவை நடத்தினால் போதும், 'சார் எப்படியும் நடத்துவார்' என்று மறுவாரம் மொத்த வகுப்பும் சும்மா வந்து உட்காரும். பார்க்காதவர்கள் கடைசி பெஞ்சில் மொபைலில் பார்க்கட்டும், நீங்கள் மற்றவர்களோடு தொடங்கிவிடுங்கள்.

வீடியோ 6, 7 நிமிடம் போதும். 50 நிமிட விரிவுரையை அப்படியே பதிவேற்றினால் பாதிக்குமேல் யாரும் பார்க்கமாட்டார்கள். சொல்லப்போனால் வீடியோவே கட்டாயமில்லை. ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990-களில் இயற்பியலை இந்த முறைக்கு மாற்றியபோது, மாணவர்கள் புத்தகத்தைத்தான் படித்துவிட்டு வந்தார்கள்.

கூடவே கூகுள் ஃபார்மில் மூன்று கேள்வி, முந்தின நாள் இரவுக்குள். இரண்டு பாடத்திலிருந்து, மூன்றாவது 'எந்த இடம் குழப்பியது?'. மதிப்பெண் முயற்சிக்குத்தான். சரியான விடைக்குக் கொடுத்தால் ஒருவர் எழுதியதே வாட்ஸ்அப்பில் சுற்றி எல்லார் பெயரிலும் வந்து சேரும்.

அந்தக் குழப்பங்களிலிருந்தே வகுப்புக்கான கேள்வியை எடுங்கள். உதாரணம்: லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன, எது அதிக விசை செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்களே லாரி என்பார்கள். (விசை சமம். நிறை குறைவு என்பதால் காரின் முடுக்கம்தான் அதிகம்.) ஒரு நிமிடம் பேசாமல் யோசித்து, தங்கள் விடைக்கான ஏ, பி, சி, டி அட்டையை எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு பிடிக்க வேண்டும். தலைக்குமேல் தூக்கவிட்டால் முதல் ரேங்க்காரரின் அட்டையைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்வார்கள்.

சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழா, அந்தக் கருத்தை மட்டும் வேறு விதமாக விளக்குங்கள். 70-க்கு மேலா, ஒரு வரி சொல்லிவிட்டு நகருங்கள். இடைப்பட்டதுதான் லாபம்: வேறு விடை சொன்ன பக்கத்து ஆளோடு 2, 3 நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி அட்டை. ஒரு பீரியடில் மூன்று, நான்கு கேள்விக்கு மேல் ஓடாது.

'எங்கள் வகுப்பில் 70 பேர், பெஞ்சை நகர்த்தவே முடியாது' என்று யாராவது வருவார்கள். எதற்கு நகர்த்த வேண்டும்? பின்னால் திரும்பினால் போதாதா? உண்மையான தடை நிர்வாகம்தான். தரமதிப்பீட்டுக் கோப்புக்கு ஜியோடேக் போட்டோ (எடுத்த இடம் பதிந்த படம்) கேட்பார்கள், வீடியோ தயாரிக்கும் நேரத்துக்கு ஒரு பீரியடைக் குறைக்கச் சொன்னால் காது கேட்காது.

முதல் செமஸ்டரில் ஒரு யூனிட்டோடு நிறுத்துங்கள். அந்த வாரங்களில் அசைன்மென்ட்டும் வேண்டாம், வீட்டில் இரண்டையும் சுமத்தினால் வீடியோவைத்தான் முதலில் கைவிடுவார்கள்.