கேரளத்திலிருந்து குத்துச்சண்டையில் உலக சாம்பியன் யாராவது உண்டா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் இதே கேள்வியைக் கேட்டால் எல்லோரும் மேரி கோம் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் மணிப்பூர்க்காரர். நம் பக்கத்து ஆள் கே.சி. லேகா, கண்ணூர்க்காரர்.

2006இல் டெல்லியில் நடந்த மகளிர் உலகப் போட்டியில் 75 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அதே போட்டியில் மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி ஆகியோரும் தங்கம் வாங்கினார்கள். ஆக, இந்தியாவுக்கு நான்கு தங்கம். அப்புறம் ஏன் லேகாவை யாருக்கும் தெரியவில்லை?

என் கணிப்பில், ஒலிம்பிக்ஸ்தான் காரணம். பெண்கள் குத்துச்சண்டை அதில் சேர்ந்தது 2012 லண்டனில்தான், அதுவும் 51, 60, 75 கிலோ என்று மூன்றே பிரிவுகள். 2006இல் 46 கிலோவில் ஜெயித்த மேரி கோம், எடையை ஏற்றிக்கொண்டு 51 கிலோவில் இறங்கி வெண்கலம் வாங்கினார். ஊரே கொண்டாடியது. லேகாவின் 75 கிலோவும் லண்டனில் இருந்தது. ஆனால் அவர் உலகத் தங்கம் வென்று ஆறு வருஷம் ஓடிப்போயிருந்தது. நம் ஊரில் ஒலிம்பிக்ஸ் பதக்கம் இல்லையென்றால் உலக சாம்பியனும் பத்தோடு பதினொன்றுதான்.

விளையாட்டில் வாழ்நாள் சாதனைக்காக மத்திய அரசு தந்துவந்த தயான் சந்த் விருது லேகாவுக்குக் கிடைத்தது 2021இல். ரொம்பத் தாமதம், சரி, கிடைத்ததே!