அறிவியல் கேள்வி–பதில்: செல்லைச் சுடாத வெளிச்சம்

கேள்வி: ஒன்றோடொன்று குவாண்டம் தொடர்புடைய ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை)க் கொண்டு நுண்ணோக்கியில் தெளிவான படம் எடுக்கலாம் என்று படித்தேன். படம் தெளிவாக இல்லையென்றால் வெளிச்சத்தைக் கூட்டினால் போதாதா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: பார்க்கும் பொருள் உலோகத் துண்டாக இருந்தால் பெரும்பாலும் போதும், உயிருள்ள செல்லாக இருக்கும்போதுதான் சிக்கல். லேசரின் ஃபோட்டான்கள், கூரைமேல் விழும் மழைத்துளிகளைப் போல, ஒழுங்கின்றி வந்து சேர்கின்றன. சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் வரும் இடத்தில், ஒவ்வொரு அளவீட்டிலும் ஏறக்குறைய 100 கூடவோ குறையவோ செய்யும். இந்த 1 சதவீத இரைச்சலை 0.1 சதவீதமாகக் குறைக்க வேண்டுமானால் ஒளியை 100 மடங்கு கூட்ட வேண்டும். அத்தனை ஒளியைச் செல் தாங்காது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வார்விக் போவன் குழுவினர் 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் தடையைத்தான் எதிர்கொண்டது. திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறலின் தூண்டப்பட்ட வடிவமே அவர்களுடைய நுண்ணோக்கிக்கு அடிப்படை: இரண்டு லேசர் கற்றைகளின் அதிர்வெண் வேறுபாடு ஒரு வேதிப்பிணைப்பின் அதிர்வோடு பொருந்தும்போது, ஒரு கற்றையிலிருந்து மற்றதற்குச் சிறிதளவு ஆற்றல் கைமாறுகிறது, அந்த மாற்றத்தை அளந்து, சாயம் ஏற்றாமலேயே, செல்லுக்குள் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அறியலாம். கைமாறும் அளவு மிகச் சிறியது என்பதால் இரைச்சல் அதை எளிதில் மூழ்கடித்துவிடும். ஆகவே, அவர்கள் ஒரு கற்றையைத் தனிவகைப் படிகம் ஒன்றின் உதவியால் ‘இறுக்கிய ஒளி’யாக மாற்றினார்கள், அதன் ஃபோட்டான்கள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பதால் சற்றுச் சீராக வருகின்றன. ஈஸ்ட் செல்களைப் படம்பிடித்தபோது, செல்லைச் சிதைக்காமல் வழக்கமான லேசரால் எட்டக்கூடிய அளவைவிட 35 சதவீதம் கூடுதல் தெளிவு கிடைத்தது. (இங்கே கூடியது சமிக்ஞைக்கும், அதாவது கைமாறும் ஆற்றலின் அளவுக்கும், இரைச்சலுக்கும் உள்ள விகிதம்தான், இன்னும் சிறிய பொருள்கள் தெரிந்தன என்று கொள்ள வேண்டாம்.)

35 சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். வெளிச்சத்தைக் கூட்டி எட்டவே முடியாத இடத்தில் கிடைத்தது என்பதால், நான் அதைப் பெரிய முன்னேற்றமாகவே மதிக்கிறேன். அதை மேலும் உயர்த்த விடாமல் தடுப்பது ஒளி இழப்பு. வில்லைகளிலும் செல்லிலும் தொலையும் ஒவ்வொரு ஃபோட்டானும் தொடர்பைக் குலைக்கிறது; பாதி ஒளி தொலைந்துவிட்டால், படிகத்தில் எவ்வளவு இறுக்கியிருந்தாலும், ஒளியை அளக்கும் உணரியை அடையும்போது இரைச்சலின் திறன் (ஏற்ற இறக்க அளவின் வர்க்கம்) சாதாரண லேசரில் இருப்பதில் பாதிக்குக் கீழே இறங்காது.