நிறத்தை நம்பாதீர்கள், கையைப் பாருங்கள்: தென் அமெரிக்கக் குரங்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சிலந்திக் குரங்கும் முரிக்கியும் படத்தில் ஒரே அச்சாக இருக்கின்றனவே, எப்படிப் பிரித்து அறிவது?

முதலில் படம் எங்கே எடுத்தது என்று கேளுங்கள். முரிக்கி பிரேசிலின் அட்லாண்டிக் காட்டை விட்டு வேறெங்கும் கிடையாது; அந்தக் காட்டில் சிலந்திக் குரங்கு கிடையாது. பாதி வேலை அங்கேயே முடிந்தது. உருவம் ஒத்திருப்பதில் ஆச்சரியமில்லை. நெருங்கிய சொந்தம், பிழைப்பும் ஒன்று: இரண்டும் கிளைக்குக் கிளை கையால் தொங்கியே போகிறவை. நீண்ட கை, கொக்கி போல வளைந்த நான்கு விரல்கள். சிலந்திக் குரங்குக்குக் கட்டைவிரல் வெளியே தெரியாது. தெரிந்தாலும் ஒரு சின்ன முண்டுதான். முரிக்கிக்கு உடம்பு சற்றுக் கனம், தொந்தியும் உண்டு.

முரிக்கியிலேயே இரண்டு இனம். தெற்கு முரிக்கிக்கு முகம் முழுக்கக் கறுப்பு, கட்டைவிரல் இல்லை. வடக்கு முரிக்கிக்குக் குட்டையாக ஒரு கட்டைவிரல் ஒட்டிக்கொண்டிருக்கும். வயது ஏற ஏற முகத்துக் கறுப்பு கலைந்து, தேமல் மாதிரி இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். குட்டிக்கு இந்தத் திட்டு இருக்காது. அதனால்தான் கையைப் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: ஒரே கூட்டத்தில் கறுப்பும் வைக்கோல் நிறமுமாக ஹௌலர் குரங்குகள். இரண்டு இனமா?

இல்லை, கணவன் மனைவி! பராகுவே, வடக்கு அர்ஜென்டினா பக்கத்துக் கறுப்பு ஹௌலரில் வளர்ந்த ஆண் மட்டுமே கறுப்பு. பெண்ணும் குட்டிகளும் வைக்கோல் நிறம். ஆண் குட்டி வளர வளரக் கறுக்கும். ஹௌலரை அடையாளம் காட்டுவது தொண்டை. நாக்கின் அடியில் இருக்கும் எலும்பு நமக்கு மெல்லிய குதிரைலாடம் போல இருக்கும். இதற்கோ உள்ளே குடைந்த கிண்ணம் போல ஊதியிருக்கும். ஆணுக்கு இன்னும் பெரிது. பல கிலோமீட்டருக்குக் கேட்கும் அந்த முழக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: இவை எல்லாமே வாலால் தொங்குமா?

சினிமாவில் தொங்கும். நிஜத்தில் ஹௌலர், சிலந்தி, கம்பளி, முரிக்கி ஆகிய நான்கு வகைக்குத்தான் வால் ஐந்தாவது கை. நுனியின் அடிப்பக்கம் முடியில்லாமல், உள்ளங்கை போல ரேகையோடு இருக்கும். கபுச்சின் குரங்கும் வாலைச் சுற்றிப் பிடிக்கும், ஆனால் வால் முழுக்க முடி. ஊகாரி என்ற குரங்குக்கு வாலே குட்டை.

கேள்வி: அணில் குரங்குகளில் இனம் பிரிப்பது எப்படி?

கண்ணுக்கு மேல் உள்ள வெள்ளை வளைவைப் பாருங்கள். உயர்ந்து கூராகப் போனால் கோதிக் வளைவு, தாழ்ந்து உருண்டிருந்தால் ரோமன் வளைவு. தேவாலய ஜன்னலை வைத்து 1984இல் விலங்கியலாளர் ஹெர்ஷ்கோவிட்ஸ் பிரித்த வகை. பொலிவிய அணில் குரங்கு ரோமன் கட்சி.

கேள்வி: மார்மோசெட், டாமரின் என்ற சிறு குரங்குகளை எப்படிப் பிரிப்பது?

வாயைத் திறந்தால் தெரியும். மார்மோசெட்டுக்குக் கீழ் வெட்டுப்பல் கோரைப்பல் அளவுக்கு நீளம். மரப்பட்டையைக் குடைந்து பிசின் எடுக்க. டாமரினுக்குக் கோரைப்பல் தனியாக உயர்ந்து நிற்கும்.

கேள்வி: சிலந்திக் குரங்கில் ஆண் பெண் பார்த்தாலே தெரியுமே?

அப்படி நினைத்துத்தான் நானும் ஒருமுறை மாணவர்கள் முன்னால் அசடு வழிந்தேன். காலிடையில் நீளமாகத் தொங்கினால் அது பெண். பெண்குறியின் காம்பு அதில் அவ்வளவு நீளம். ஆணுக்கு வெளியே அதிகம் தெரியாது.