காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்: எல்லையோர டெங்கு கேள்விகளுக்குப் பதில்கள்

களியக்காவிளையிலிருந்து ஆறுகாணி வரை, குமரி மாவட்டத்தின் கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இந்த மழைக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டெங்கு பற்றியவை. நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. மற்ற மாவட்டங்கள் ஐப்பசியில் பயப்படத் தொடங்கும்போது நாம் ஜூனிலேயே ஒரு சுற்றுப் பார்த்து முடித்திருப்போம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பேரனுக்கு நாலு நாள் காய்ச்சல். டெங்கு என்றார்கள். இன்று காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் ஒரே தூக்கமாக இருக்கிறான், வயிறு வலிக்கிறது என்கிறான், கருக்கு (இளநீர்) வெட்டிக் கொடுத்தால் வாந்தி எடுக்கிறான். காய்ச்சல்தான் போய்விட்டதே, நாளைக்குக் காட்டினால் போதாதா டாக்டர்?
— ஒரு பாட்டி, பளுகல்

போதாதும்மா. உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன்; மற்ற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

மற்ற காய்ச்சல்களில் உடம்பு குளிர்ந்தால் நிம்மதி. டெங்குவில் அந்த நேரத்தில்தான் கண்ணைத் திறந்துவைக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாட்களுக்குள் சூடு இறங்கும். அதையொட்டி 24 முதல் 48 மணி நேரம் வரை சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராமலேயே உள்ளே ரத்த ஓட்டம் குறைந்துகொண்டு போகும். டெங்கு சாவுகளில் பெரும்பாலானவை இந்தக் கசிவில் வருபவை.

விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், காரணமில்லாத மயக்கத் தூக்கம் அல்லது நிலைகொள்ளாமல் புரளுவது, கை கால் சில்லிட்டுப் போவது, ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. 108 இரண்டு மாநிலத்திலும் ஓடுகிறது.

காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரும் கேட்கும் முதல் கேள்வி அது. பாதிப் பேர் "முந்தாநாளா, அதுக்கு முந்தினதா" என்று விரல் விட்டு எண்ணுவார்கள். வீட்டில் இருக்கும்வரை ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், இளநீர், மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் போனால் கொடுப்பது போதுகிறது என்று பொருள். பீட்ரூட், மாதுளைச் சாறு இப்போது வேண்டாம்; வாந்தி எடுத்தால் ரத்தமா சாறா என்று நமக்கே குழப்பம் வரும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதையும் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்; உடம்பு வலிக்கு ஊசியும் போட்டுக்கொள்ளாதீர்கள். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் நிறுத்துவதா தொடர்வதா என்று டாக்டரிடம் அன்றைக்கே கேட்க வேண்டும்.

டெங்கு வந்த அண்ணனுக்குப் பிளேட்லெட் கவுண்ட் 38,000. "பிளேட்லெட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள்" என்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டு வரலாமா?
— கொல்லங்கோடு

ஐஸில் வைக்கவே கூடாது. பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரி சூட்டில், மெதுவாக அசைந்துகொண்டிருக்கும் தட்டில் வைத்திருப்பார்கள். ஆயுளும் சுமார் 5 நாள்தான். ஐஸில் வைப்பது சிவப்பணுவை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பெட்டி தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் பலர்.

அது இருக்கட்டும். அண்ணனுக்கு ரத்தக்கசிவு இருக்கிறதா? இல்லையென்றால் 38,000க்குப் பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் கவுண்ட் 20,000க்கும் கீழே போன பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ஏற்றினாலும் டெங்குவில் அது கொஞ்ச நேரத்திலேயே அழிந்துவிடும். ரத்தம் கசிகிறது, அறுவை சிகிச்சை அவசரம், கவுண்ட் 10,000க்குக் கீழே என்றால் பேச்சு வேறு. அதை டாக்டர் முடிவு செய்வார். "கவுண்ட் எவ்வளவு?" என்று மணிக்கொரு தரம் கேட்பதைவிட "பி.சி.வி. எவ்வளவு? பிரஷர் எவ்வளவு? மூத்திரம் போகிறாரா?" என்று கேளுங்கள். பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு; நீர் கசிந்தால் அது ஏறும்.

20 படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. ராத்திரியில் நான் ஒருத்திதான், டாக்டர் போனில் இருப்பார். டெங்கு நோயாளியிடம் எதைப் பார்த்தால் டாக்டரை எழுப்ப வேண்டும்?
— ஸ்டாஃப் நர்ஸ், மார்த்தாண்டம் பக்கம்

இந்த முறை வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி.

சாயங்காலம் பிரஷர் 110/70. ராத்திரி 2 மணிக்கு 100/80. மேல் எண் நூறு இருக்கிறதே என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவே 40 இருந்த இடைவெளி 20 ஆகிவிட்டது. அது ஷாக்கின், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலையின், வாசல். மேல் எண் விழும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும், குழந்தைகளிடம் இன்னும் மோசம். மெஷினில் போட்டாலும் கழித்துப் பார்ப்பது நீங்கள்தான். கூடவே நாடித்துடிப்பு ஏறுகிறதா, பாதம் சில்லென்று இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று தொட்டுப் பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

அடுத்தது பி.சி.வி. சேரும்போது 38 இருந்தது 46க்கு வந்தால் கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏற்றம்; நீர் கசிகிறது. அதனால்தான் முதல் நாள் பி.சி.வி. கையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் 46ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. பிரஷர் இறங்கும்போது பி.சி.வி.யும் இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது. அவருக்கு வேண்டியது சலைன் மட்டுமல்ல, ரத்தம்.

எச்சரிக்கை அறிகுறி வந்தவருக்கு நார்மல் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி என்று ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு படிப்படியாகக் குறைப்பது என்பது வழக்கமான முறை. 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 250 முதல் 350 மில்லி. ஷாக் வந்துவிட்டால் கணக்கு வேறு. வெறும் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவது பயன் தராது. கசிவு நின்றபின் வெளியே போன நீரெல்லாம் தானாக உள்ளே திரும்பும். அப்போதும் டிரிப் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரல் நிரம்பிவிடும். படுத்தால் மூச்சு வாங்குகிறது, இருமுகிறார் என்றால் டிரிப்பை மெதுவாக்கிவிட்டு டாக்டரை எழுப்புங்கள். திட்டினால் திட்டட்டும்.

அப்புறம், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ அனுப்பும்போது போனில் சொல்லிவிட்டு அனுப்புங்கள். ஒரே தாளில் காய்ச்சல் தொடங்கிய நாள், சூடு விட்ட நேரம், எல்லா பி.சி.வி., பிரஷர், சிறுநீர் அளவு, எந்த மணிக்கு எவ்வளவு டிரிப் என்று எழுதிக் கொடுங்கள். வருகிற ஃபைல்கள் பலவற்றில் பில் இருக்கிறது, பிளேட்லெட் கவுண்ட் வரிசையாக இருக்கிறது, எவ்வளவு நீர் ஏற்றினார்கள் என்பது மட்டும் இல்லை. அங்கே உள்ள டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா?
— பலர்

பப்பாளி இலை கவுண்டைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுவதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஷாக்கைத் தடுக்கும், உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை. வாந்தி எடுக்கிறவருக்கு அந்தக் கசப்பு மேலும் குமட்டும். நிலவேம்பு குடித்தாலும் மேலே சொன்ன கவனிப்பு எதையும் குறைக்கக் கூடாது.

ரப்பர் பால் வெட்டுகிறேன். எங்கள் வீட்டில் தண்ணீர் எதுவும் தேங்கி நிற்பதில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கு டெங்கு. எங்கிருந்து வருகிறது?
— அருமனை

உங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையிலிருந்து வந்திருக்கலாம். டெங்குவைப் பரப்பும் கொசு இரண்டு வகை. வீட்டுத் தொட்டி, டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு ஆகியவற்றில் வளர்வது ஒன்று. இன்னொன்று முதுகில் ஒற்றை வெள்ளைக்கோடு போட்ட புலிக்கொசு. தோட்டம், புதர் அதற்கு வீடு. கேரளத்தில் ரப்பர் பகுதிகளில் டெங்கு பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே 1997இல் டெங்கு முதலில் தெரியவந்ததும் ரப்பர் மண்ணான கோட்டயத்தில்தான்.

மரத்துக்கு ஒரு சிரட்டை, ஏக்கருக்கு 150 மரத்துக்கு மேல். மழையில் வெட்டு நின்றால் அத்தனை சிரட்டையும் வாய் பிளந்து நிற்கும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். முட்டையோ, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரியும். ஆகவே வெறுமனே கொட்டினால் போதாது, உள்ளே தேய்த்து அலசிக் கவிழ்க்க வேண்டும். வெட்டு நிற்கும் நாளன்றே கம்பியிலேயே குப்புறக் கவிழ்த்து வையுங்கள். மழைக்காப்புப் பிளாஸ்டிக்கின் மடிப்பு, அடியில் விழுந்து கிடக்கும் கமுகம்பாளை, உடைந்த சிரட்டை எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும்.

உங்களைவிடப் பெரிய குற்றவாளி, விலை விழுந்ததால் வெட்டாமல் போட்ட தோட்டங்கள். முதலாளி வெளிநாட்டில், சிரட்டை மரத்தில். ஊராட்சி நோட்டீஸ் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். புலிக்கொசு காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும் என்பதால், வெட்டுக்கும் பால் எடுக்கவும் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பாறசாலையில் டெஸ்ட் எடுத்தோம், டெங்கு என்று வந்தது. எங்கள் பஞ்சாயத்திலிருந்து கொசு மருந்து அடிக்க யாரும் வரவில்லை. தகவல் போகாதா?
— ஊரம்பு

நோயை அறிவிக்க வேண்டியது சோதித்த இடத்தின் கடமை. இரண்டு மாநிலத்திலும் அப்படித்தான். ஆனால் தகவல் நீங்கள் கொடுத்த விலாசத்துக்குத்தான் போகும். ஓ.பி. சீட்டு எளிதாகக் கிடைக்கும் என்று பாறசாலையில் இருக்கும் மச்சான் வீட்டு விலாசத்தைக் கொடுத்தீர்களா? அப்படியானால் மச்சான் வீட்டுத் தொட்டியில் அபேட் (கொசுப்புழு மருந்து) ஊற்றிவிட்டுப் போயிருப்பார்கள். சொந்த விலாசத்தையே கொடுங்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அன்றைக்கே உங்கள் கிராம சுகாதார செவிலியருக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கம் என்றால் ஆஷா பணியாளருக்கு. காய்ச்சலின் முதல் ஐந்து நாள் நோயாளி பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். அவரைக் கடித்த கொசுதான் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

எங்கள் வார்டில் புகை அடிக்கச் சொன்னால் பிரச்சினை தீருமா?
— வார்டு உறுப்பினர், பனச்சமூடு

பறக்கும் கொசு சாகும், தண்ணீரில் இருக்கும் புழு சாகாது. அடுத்த சில நாளில் புதுசு வரும். நோய் வந்த வீட்டைச் சுற்றி உடனே அடிப்பதில் பயன் உண்டு. மற்றபடி அந்த ஆட்களை வீடு வீடாகத் தொட்டி பார்க்க அனுப்புங்கள். கேரளத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளி, அலுவலகத்துக்குச் சனி, வீட்டுக்கு ஞாயிறு என்று ‘டிரை டே’ வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் பாதி சாலைக்கு அந்தப் பக்கம்தானே. அதே கிழமைகளை நீங்களும் வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டு பக்கமும் சுத்தமாகும்.

காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். சோதித்தோம், டெங்கு இல்லை என்று வந்தது. இப்போது ஆறாம் நாள், கண் சிவந்திருக்கிறது, கெண்டைக்கால் தொட முடியவில்லை. வயலில் வேலை.
— திற்பரப்பு

இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். பெரும்பாலும் தெரியாது. முதல் ஐந்து நாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை, அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். ஆகவே அந்த முடிவை வைத்து டெங்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எலிக்காய்ச்சலை நினைக்கவைக்கின்றன. இந்தப் பகுதியில் அது சாதாரணம். டெங்குவைப் போல இல்லாமல் இதற்கு டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்து உண்டு. தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம். வயலில் இறங்கியதை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்க மறந்தாலும். இன்றைக்கே போங்கள்.